ஐம்பதைத் தாண்டி வேலை போனால் அதை ஓய்வாக எடுத்துக்கொள்ளலாமா?

ஓசூர் வாசகர், 2023 ஆகஸ்ட் 12

வயது 51. மெஷின் ஷாப் சூப்பர்வைசர். கம்பெனியில் எங்கள் லைனை மூடுகிறார்கள், பேக்கேஜ் தருவதாகப் பேச்சு. வீட்டுக் கடன் முடிந்துவிட்டது, பையன் கல்லூரி மூன்றாம் வருடம். சொந்தக்காரர்கள் "போதும்பா, ரெஸ்ட் எடு" என்கிறார்கள். என் கருத்து: இந்த வயதில் ஓய்வு என்பது வசதி உள்ளவர்களுக்கு. மற்றவர்கள் கிடைத்த வேலைக்குப் போய்விட வேண்டும். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

அம்பத்தூர் மெயின்டனன்ஸ், 2023 ஆகஸ்ட் 12, இரவு

தம்பி, எனக்கு 53. ஜூன் கடைசியோடு வெளியே வந்துவிட்டேன். கார் உதிரிபாகக் கம்பெனி, 26 வருட சர்வீஸ். முதலில் அம்பத்தூர் எஸ்டேட், அப்புறம் கம்பெனி இருங்காட்டுக்கோட்டைக்கு மாறியது, நானும் கூடவே போனேன். இந்த வருடம் பிரெஸ் ஷாப்பை அப்படியே குஜராத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். லாரியில் ஏற்ற ஃபவுண்டேஷன் போல்ட்டைக் கழற்றிக் கொடுத்ததும் எங்கள் டீம்தான்.

வேலையா, ஓய்வா என்று இப்போது முடிவு எடுக்காதீர்கள். முதல் மூன்று மாதத்துக்குக் காகித வேலையே சரியாக இருக்கும். பேக்கேஜ் பணம் வந்ததும் மனை காட்ட ஒருவர் வருவார், ஏஜென்சி எடுக்கச் சொல்லி ஒருவர் வருவார். காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அம்பத்தூர் மெயின்டனன்ஸ், 2023 ஆகஸ்ட் 13, காலை

காகித வேலை என்றால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பெயர். ஆதாரில் இனிஷியல் முன்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக, பிஎஃப்-ல் இனிஷியல் பின்னால் என்று நம் ஊர்க்காரர்கள் பாதிப் பேருக்கு இருக்கும். ஒத்துப்போகவில்லை என்றால் பணம் எடுக்கும்போது க்ளெய்ம் நிற்கும். திருத்துவதற்கு ஜாயின்ட் டிக்ளரேஷன் போட வேண்டும், அதில் பெரும்பாலும் கம்பெனியும் ஒப்புதல் தர வேண்டும். ஹெச்ஆர்-ல் தெரிந்த முகம் இருக்கும்போதே முடித்துக்கொள்ளுங்கள். லைன் மூடுகிற இடத்தில் ஹெச்ஆர் ஆட்களும் சீக்கிரம் வேறு இடம் பார்த்துப் போய்விடுவார்கள்.

கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை: கடைசி பேசிக்கும் டிஏ-வும் (அகவிலைப்படி) சேர்த்து, அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, சர்வீஸ் வருடத்தால் பெருக்குங்கள். 30 நாளுக்குள் தர வேண்டும். 20 லட்சம் வரை வரி இல்லை. லீவு என்காஷ்மென்ட்டுக்கு வரிவிலக்கு 3 லட்சமாக இருந்தது, இந்த ஏப்ரலிலிருந்து 25 லட்சம்.

பேக்கேஜ்: அது முறையான விருப்ப ஓய்வுத் திட்டமாக, வருமான வரி விதிகளுக்கு உட்பட்டு இருந்தால் 5 லட்சம் வரை விலக்கு உண்டு. "சொந்தக் காரணங்களுக்காக ராஜினாமா செய்கிறேன்" என்று ஒரு தாளில் எழுதச் சொன்னால் பேனாவை எடுக்காதீர்கள்.

2023 ஆகஸ்ட் 13, மதியம்

மேலே விட்டுப்போனது. நீங்கள் சூப்பர்வைசர் என்பதாலேயே தொழிலாளர் சட்டம் பொருந்தாது என்று யாராவது சொன்னால் உடனே ஒத்துக்கொள்ள வேண்டாம். பதவிப் பெயரைக் கோர்ட் பார்ப்பதில்லை, உண்மையில் என்ன வேலை செய்தீர்கள் என்பதைத்தான் பார்க்கும். தொழிலாளி என்று ஆகிவிட்டால் ஆட்குறைப்புக்குச் சட்டப்படி இழப்பீடு இருக்கிறது: ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்குரிய சம்பளம், அதோடு முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம். அது தரைமட்டம். அதற்குக் கீழே பேசவே விடாதீர்கள். நான் மேனேஜர் கிரேடு, எனக்கு அந்த வழி இல்லை.

எங்கள் கான்ட்ராக்ட் பையன்களுக்கு ஒரு மாதச் சம்பளத்தோடு வழி காட்டிவிட்டார்கள். எட்டு வருடம் என்னோடு கிரீஸ் பிடித்தவன் ஒருவன், 34 வயது, இரண்டு குழந்தை. ஐம்பதில் வேலை போன நம்மைப் பற்றிப் பேசும்போது அவர்களை மறந்துவிடக் கூடாது.

2023 ஆகஸ்ட் 13, இரவு

மெடிக்கல்! கம்பெனி குரூப் பாலிசி கடைசி வேலை நாளோடு முடியும். அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியில் தனிப் பாலிசியாக மாற்றிக்கொள்ளக் கேட்கலாம், ஆனால் வெளியே வரும் முன்பே எழுதிக் கேட்க வேண்டும். உங்களுக்குச் சுகரோ பிபியோ இருந்தால் இதை எல்லாவற்றுக்கும் முதலில் செய்யுங்கள்.

2023 ஆகஸ்ட் 20

பென்ஷன் பற்றித் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பலர் அவசரப்படுகிறார்கள்.

இபிஎஸ்-ல் (பிஎஃப்-ஓடு சேர்ந்த பென்ஷன் திட்டம்) 10 வருட சர்வீஸ் இருந்தால் பென்ஷன் உரிமை உண்டு. முழு பென்ஷன் 58-ல். 50 வயதிலிருந்தே வாங்கலாம், ஆனால் 58-க்குக் குறைகிற ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் வெட்டு. அந்த வெட்டு கடைசி வரை இருக்கும், 58 ஆனதும் சரியாகிவிடாது. 53-ல் எழுதிக் கொடுத்தால் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். கூடுதல் பென்ஷனுக்கு விருப்பம் கொடுத்தவர்களை விட்டுவிடுங்கள். மற்றவர்களுக்குச் சம்பளம் 15,000-க்கு மேல் கணக்கிலேயே வராது. சம்பளத்தைச் சர்வீஸ் வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள். முப்பது வருடம் உழைத்தவருக்கே ஆறாயிரத்துச் சொச்சத்தைத் தாண்டாது. அதிலும் ஐந்தில் ஒன்றை இழந்துவிட்டு எதைச் சாப்பிடுவது?

ஆனாலும் ஆட்கள் ஏன் ஃபார்ம் எழுதுகிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஒன்றாம் தேதி வங்கியிலிருந்து மெசேஜ் வர வேண்டும். 26 வருடம் வந்த மெசேஜ் ஜூலையில் வரவில்லை. போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். அந்த ஏக்கத்துக்காகப் பென்ஷனை உடைக்க வேண்டாம். நான் கிராஜுவிட்டிப் பணத்திலிருந்து தபால் அலுவலக மாத வருமானத் திட்டத்தில் மனைவி பெயரையும் சேர்த்து ஜாயின்ட்டாக 15 லட்சம் போட்டேன். 7.4 சதவீதம், மாதம் 9,250. பெரிய தொகை இல்லை. ஆனால் மெசேஜ் வருகிறது.

பிஎஃப்-ஐ எடுக்கவில்லை. 2023 விதிப்படி இரண்டு மாதம் வேலை இல்லாமல் இருந்தால் முழுசும் எடுக்க முடிந்ததுதான். விட்டுவைத்தால் 58 வரை வட்டி சேரும், போன வருட விகிதம் 8.15. ஒன்று மட்டும் கவனம்: வேலையை விட்ட தேதிக்குப் பிறகு சேரும் வட்டிக்கு வரி உண்டு.

2023 செப்டம்பர் 3

யாரோ 56 வயது அண்ணன் சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டம் பற்றிக் கேட்டிருக்கிறார். 60 ஆகாவிட்டாலும் 55 தாண்டி ஓய்வு பெற்றவர்கள் சேரலாம் அண்ணே. பணம் கைக்கு வந்து ஒரு மாதத்துக்குள் போட வேண்டும் என்பது விதி, தள்ளிப்போடாதீர்கள். வட்டி 8.2. எனக்கு வயது பத்தாது.

2023 செப்டம்பர் 10

பணத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன். வீடு எப்படி இருக்கிறது என்று ஓசூர் தம்பி கேட்டிருக்கிறார்.

மனைவி தனியார் பள்ளியில் டீச்சர். காலை ஏழே முக்காலுக்குக் கிளம்பிவிடுவாள். மகள் கல்லூரிக்குப் போனதும் வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மாவுக்கு 78. வேலை போனதை அவரிடம் உடனே சொல்லவில்லை, லீவு என்று சொல்லி வைத்திருந்தோம். ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்தவர் என் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, "உன் சட்டையில ஆயில் வாசனையே இல்லையேடா" என்றார். பிரெஸ் ஷாப்பில் ஹைட்ராலிக் ஆயிலும் கூலண்ட்டும் சேர்ந்து ஒரு வாசனை இருக்கும், எத்தனை சோப்பு போட்டாலும் காலரில் நிற்கும். அதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது? உட்கார்ந்து சொன்னேன். அம்மா அழவில்லை. "மத்தியானம் சூடா சாப்புடலாம், ரெண்டு பேரும்" என்றார்.

இப்போது சாதம் வடிப்பது, குழம்பு வைப்பது என் பொறுப்பு. வத்தக்குழம்பு கைக்கு வந்துவிட்டது.

2023 செப்டம்பர் 11

மனைவி இதைப் படித்துவிட்டு ஒன்று சேர்க்கச் சொன்னாள். "நீங்க சமைக்கிறது சரிங்க, நான் ஸ்கூல்ல இருந்து வந்ததும் அன்னிக்கு நடந்ததை எல்லாம் ஒரே மூச்சுல சொல்றீங்களே, எனக்கு அரை மணி நேரம் குடுங்க." நியாயம்தான். நாள் முழுக்க ஐம்பது பேரோடு கத்திப் பேசிய ஆளுக்கு வீட்டில் பேச ஆளில்லை. சாயங்காலம் அவள்மேல் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறேன். ஆண்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

2023 அக்டோபர் 1

செலவுக் கணக்கு. மாதச் செலவை மட்டும் எழுதிப் பார்த்து "சமாளிக்கலாம்" என்று முடிவெடுக்காதீர்கள். பன்னிரண்டு மாதத்தையும் ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதுங்கள். சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு முறை, எல்ஐசி, வண்டி இன்ஷூரன்ஸ், கல்லூரிக் கட்டணம், தீபாவளி, இரண்டு வீட்டுக் கல்யாண மொய். முன்பு இதற்கெல்லாம் போனஸ் இருந்தது.

கம்பெனி சும்மா கொடுத்ததையும் எழுதுங்கள்: கேன்டீன் சாப்பாடு, பஸ், சேஃப்டி ஷூ, தீபாவளி ஸ்வீட் பாக்ஸ். கரண்ட் பில்லும் ஏறும். பகலில் ஃபேனும் டிவியும் ஓடும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாப் மாறி பில் எகிறிவிடும். நான் மீட்டரை வாரம் ஒரு முறை பார்க்கிறேன்.

2023 அக்டோபர் 8

வேலை தேடுவது பற்றி. தேடினேன், தேடிக்கொண்டும் இருக்கிறேன். கிடைக்காது என்று சொல்ல மாட்டேன். ஒரு சின்ன யூனிட்டில் 28,000 தருகிறேன் என்றார்கள். பகலும் இரவும் போன் அடித்தால் வர வேண்டும், ஞாயிறு உண்டு. முன்பு வாங்கியதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. முதலாளி நல்ல மனிதர், ஆனால் "உங்க வயசுக்கு இது நல்ல சம்பளம் சார்" என்றார்.

ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2014-ல் நின்றது. மறைமலைநகரில் ஃபோர்டு 2022-ல் நின்றது. ஒவ்வொரு முறையும் நல்ல கைவேலை தெரிந்த ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் வேலை தேடி வெளியே வருகிறார்கள். சம்பளம் குறைவது உங்கள் தகுதி குறைந்ததால் இல்லை. இன்டர்வியூவில் எதிரே உட்கார்ந்திருக்கும் 29 வயதுப் பையன் கேட்கும் தோரணையை வைத்து உங்களை எடை போடாதீர்கள்.

2023 அக்டோபர் 23

இன்று ஆயுத பூஜை. காலையிலிருந்து மனசு சரியில்லை.

கம்பெனியில் இந்த நாளுக்கு ஒரு வாரம் முன்பே பிரெஸ்ஸை எல்லாம் டீசல் போட்டுத் துடைத்துவிடுவோம். 400 டன் பிரெஸ்ஸுக்குச் சந்தனம் வைக்க ஏணி போடணும். பொரி, கடலை, சுண்டல், கேட்டில் பூசணிக்காய். இந்த வருடம் வீட்டு ஹாலில் என் டூல் பாக்ஸைத் திறந்து ரிங் ஸ்பானர் செட், டயல் கேஜ், ஃபீலர் கேஜ், பழைய மெக்கர் (மோட்டார் இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) எல்லாவற்றையும் மனைப்பலகையில் வரிசையாக வைத்தேன். 24-27 ஸ்பானரின் வாயில் ஒரு நெளிசல் இருக்கிறது, சர்வீஸ் போட்ட புதிதில் ஒரு நட்டோடு மல்லுக்கட்டியது. அதற்கும் பொட்டு வைத்தேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றும் எதற்கு என்று கேட்டாள். இதுவரை கேட்டதில்லை, நானும் காட்டியதில்லை.

குழுவில் பழைய ஷிஃப்ட் இன்சார்ஜ் எழுதினார்: "இனிமே நமக்கு லேட் மார்க் கிடையாதுய்யா." எல்லோரும் சிரிப்பு போட்டார்கள். நானும் போட்டேன்.

2023 நவம்பர் 14

செப்டம்பர் 3 குறிப்பில் சீனியர் சிட்டிசன் திட்டம் பற்றி எழுதியது இப்போது மாறிவிட்டது. ஒரு மாதக் கெடுவை இந்த மாதம் மூன்று மாதமாக்கி அரசு அறிவித்திருக்கிறது. 55 தாண்டியவர்கள் நிம்மதியாக யோசிக்கலாம்.

2023 டிசம்பர் 17

இத்தனை நாள் எழுத முடியவில்லை. மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் எஸ்டேட் முழுக்கத் தண்ணீர். எங்கள் வீட்டில் படிக்கட்டு வரைதான், தப்பித்தோம். எஸ்டேட்டில் சின்னப் பட்டறைகள் பாடு மோசம். லேத் மோட்டார், கம்ப்ரஸர், பேனல் எல்லாம் நீருக்குள். பழைய சப்ளையர் ஒருவர் போன் செய்து, "சார், பவர் வந்துடுச்சு, ஸ்விட்ச் போடட்டுமா?" என்றார். "தொடாதீங்க, வர்றேன்" என்று டூல் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நனைந்த மோட்டாரில் நேராக கரண்ட் விட்டால் வைண்டிங் எரிந்துவிடும். பிரித்து, சேற்றை நல்ல தண்ணீரில் கழுவி, பேரிங்கைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஸ்டேட்டரைச் சுற்றி அட்டைப்பெட்டி கட்டி உள்ளே குண்டு பல்ப் எரியவிட்டுக் காய வைக்க வேண்டும். அப்புறம் மெக்கர் போட்டுப் பார்ப்போம். முதலில் முள் பூஜ்யத்திலேயே கிடக்கும். மறுநாள் லேசாக எழும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் நான் பவர் கொடுக்க விடமாட்டேன். ஒரு பட்டறையில் சொன்னேன், பக்கத்துப் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்தார், அப்புறம் அந்தத் தெருவே கூப்பிட்டது. தூக்கம் இல்லை, முட்டி வலி. ஆனால் ஜூனுக்குப் பிறகு இவ்வளவு பசித்துச் சாப்பிட்டது இப்போதுதான்.

அந்த 34 வயதுப் பையனையும் கூட்டிக்கொண்டேன். வந்த கூலியில் அவனுக்குத்தான் பாதிக்கு மேல்.

2024 ஜனவரி 21

ஓசூர் தம்பி கிருஷ்ணகிரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக எழுதியிருக்கிறார். சம்பளம் முன்பைவிடக் குறைவு, ஆனால் வீட்டிலிருந்து போய்வரலாம். மனசார வாழ்த்துகிறேன் தம்பி. பையன் படிப்பு முடியும்வரை அது சரியான முடிவு.

நான் வேறு பக்கம் போகிறேன். அந்த 28,000 வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மழைக்குப் பிறகு மூன்று பட்டறைகளில் "மாசம் ரெண்டு தரம் வந்து மெஷினைப் பாருங்க சார், விசிட்டுக்கு இவ்வளவு" என்று பேசிக்கொண்டோம். காலை பத்து மணிக்குப் போய் மதியம் அம்மாவுக்குச் சாப்பாடு போடும் நேரத்துக்கு வந்துவிடுவேன். மாத வருமானத் திட்டம், இந்தப் பட்டறைக் காசு, மனைவி சம்பளம் சேர்த்தால் அந்தப் பன்னிரண்டு கட்டத்தில் பத்து நிறைகிறது. மீதி இரண்டுக்கு சேமிப்பைத் தொட வேண்டியிருக்கிறது. 58 வரை பென்ஷனைத் தொடாமல் இருக்க இது போதும்.

2024 பிப்ரவரி 4

"அப்படியென்றால் நீங்கள் ஓய்வு பெறவே இல்லையே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முழுநேர வேலைக்கு இனி போவதில்லை என்று நாங்கள் நான்கு பேரும் உட்கார்ந்து முடிவு செய்தாயிற்று. ஆகஸ்டில் இதே முடிவை எடுத்திருந்தால் அது கம்பெனி என்மேல் ஏற்றிய முடிவாக இருந்திருக்கும், நானும் கசந்துபோய் உட்கார்ந்திருப்பேன். அந்த ஆறு மாதம் வேலை தேடியதும், சமைத்ததும், சும்மா ஏரிக்கரையில் உட்கார்ந்ததும் வீண் இல்லை. யாராவது அவசரப்படுத்தினால் இதைச் சொல்லுங்கள்.

2024 ஜூலை 7

ஒரு வருடம் தாண்டிவிட்டது. கெட்ட செய்தி ஒன்றும் சொல்ல வேண்டும். எங்களோடு வெளியே வந்தவர்களில் ஒருவர் பேக்கேஜ் பணம் முழுவதையும் நண்பரோடு கூட்டு வியாபாரத்தில் போட்டார். பணம் போயிற்று, நண்பரும் போனை எடுப்பதில்லை. வீட்டை விட்டு வெளியே வருவதே இல்லை. நாங்கள் சிலர் முறை வைத்து அவர் வீட்டுக்குப் போய் டீ குடித்துவிட்டு வருகிறோம். வேலை போனவர் உங்களுக்குத் தெரிந்து யாராவது இருந்தால் போனில் விசாரிக்காதீர்கள். நேரில் போங்கள், கதவைத் தட்டுங்கள்.

பிஎஃப் வட்டி 2023-24-க்கு 8.25 என்று அறிவித்திருக்கிறார்கள்.

2024 டிசம்பர் 1

மகளுக்கு வரன் பார்க்கிறோம். "அப்பா என்ன பண்றார்?" என்ற கேள்விக்கு முதலில் நான் தயங்கினேன். மகளே பதில் சொல்லிவிட்டாள்: "அப்பா மெஷின் டாக்டர், மூணு ஃபேக்டரி பாக்கிறார், வீட்ல சமையலும் அவர்தான்." மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் அவர் வீட்டு போர் மோட்டார் சத்தம் போடுவதைப் பற்றி என்னிடம் அரை மணி நேரம் பேசினார். அது பேரிங் போயிருக்கும் என்று சொல்லியிருக்கிறேன். ஜாதகம் இன்னும் பார்க்கவில்லை.

2025 ஜனவரி 19

புதிதாக ஒருவர் எழுதியிருக்கிறார், 52 வயது, வெள்ளிக்கிழமை கடிதம் கொடுத்திருக்கிறார்கள். சார், மேலே எல்லாவற்றையும் படிக்க இப்போது மனசு ஓடாது. நாளைக்குத் திங்கள். ஆபீஸ் போனதும் மெடிக்கல் பாலிசியை மாற்றித் தரச் சொல்லி மெயில் அனுப்புங்கள். யுஏஎன்-ல் (உங்கள் பிஎஃப் எண்) பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி மூன்றையும் சரிபாருங்கள், தப்பு இருந்தால் அங்கேயே ஜாயின்ட் டிக்ளரேஷன் போடச் சொல்லுங்கள். கடைசி மூன்று மாத பே ஸ்லிப், ஃபார்ம் 16 எல்லாவற்றையும் உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். கம்பெனி ஐடி எப்போது மூடும் என்று சொல்ல முடியாது. நீங்கள் வெளியேறிய தேதியை அவர்கள் பிஎஃப் தளத்தில் பதியாமல் விட்டால் பயப்பட வேண்டாம். கடைசிச் சந்தா வந்து இரண்டு மாதம் ஆன பிறகு ஆதார் ஓடிபி வைத்து நீங்களே பதியலாம். நாளைக்கு ராஜினாமாக் கடிதம் கேட்டால் வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். சாயங்காலம் என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.